‘வளர்ந்தால் சரியாகிவிடும்’: ஒரு மறுப்பு

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஓர் இடத்தில் உட்காருவதில்லை, சொன்னதைக் காதில் வாங்குவதில்லை, தன் முறை வரும்வரை பொறுப்பதில்லை, நடுத்தெருவிலும் கையை உதறிக்கொண்டு ஓடுகிறது என்றால், அந்தப் பிள்ளையைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரே தீர்ப்புதான் சொல்லப்படுகிறது: ‘சின்னப் பிள்ளைதானே, வளர வளரச் சரியாகிவிடும்.’ தாத்தா பாட்டி சொல்கிறார்கள். ப்ரீகேஜி மிஸ் சொல்கிறார். நேரமில்லாத மருத்துவரும் பல சமயம் இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாட்டின் அறிகுறிகள் தென்பட்டால், முதலில் தரவேண்டியது பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி என்று குழந்தை மருத்துவ அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அந்தப் பயிற்சி எதற்கு, காத்திருந்தால் போதாதா என்ற கருத்து தவறானது. அந்தத் தவறின் விலையைப் பிள்ளை கொடுக்கிறது.

அந்தக் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்பவர்களின் காரணங்கள் இவை. துறுதுறுப்பு சின்ன வயதின் இயல்பு. மூன்று வயதில் ஆட்டம் போட்ட எத்தனையோ பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அடங்கியிருக்கிறார்கள். அப்பாவே சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாராம், இன்று நல்ல வேலையில் இருக்கிறார். ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் அது பள்ளியிலும் உறவுக்காரர்களிடமும் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கண்டிப்பு போதும். மிஞ்சினால் நாலு அடி. குறை பிள்ளையிடம் இருக்க, பயிற்சியைப் பெற்றோருக்குக் கொடுப்பது அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. தவிர, இந்தப் பயிற்சிகளின் பலன் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இவற்றில் சிலவற்றில் உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மைதான் இந்தக் கருத்துக்கு இத்தனை ஆயுளைக் கொடுத்திருக்கிறது. ஆகவே அதை ஒப்புக்கொண்டே மறுக்க வேண்டியிருக்கிறது.

1. ‘எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்.’

எல்லாப் பிள்ளைகளும் ஓடும் என்பதிலிருந்து, இந்தப் பிள்ளையின் ஓட்டமும் அதே அளவில்தான் இருக்கிறது என்ற முடிவு எப்படி வருகிறது? மருத்துவர் பார்ப்பது பிள்ளை ஓடுகிறதா என்பதை அல்ல. அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீட்டில் மட்டுமா அல்லது பால்வாடியிலும் அப்படியா, அதனால் பிள்ளைக்கு என்ன இழப்பு என்பவற்றைப் பார்க்கிறார். மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்க மறுப்பது, மாதம் ஒருமுறை தையல் போடும் அளவுக்கு அடிபடுவது, ‘வேற ஸ்கூல் பாருங்க’ என்று நிர்வாகம் சொல்வது, கல்யாணம் காட்சிக்குப் போவதையே குடும்பம் விட்டுவிடுவது: இவையெல்லாம் சாதாரணத் துறுதுறுப்பின் விளைவுகள் அல்ல.

வளர்ந்தால் சரியாகும் பிள்ளைகள் உண்டு என்பது உண்மை. அடக்கக் கடினமான மூன்று வயதுப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் கேம்ப்பெல். ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிக்கல் தணிந்துவிடுகிறது என்பது அவர் பணியிலிருந்து கிடைக்கும் சித்திரம். மற்றப் பாதிப் பேருக்கு அது பள்ளி வயதிலும் தொடர்கிறது. அறிகுறி கடுமையாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். 3 முதல் 5½ வயதுக்குட்பட்ட 303 பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான பேட்ஸ் ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரை ஏடிஹெச்டி உள்ளவர்களே சேர்க்கப்பட்டார்கள். ஆறாண்டுக்குப் பிறகு பின்தொடர முடிந்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு அந்தக் குறைபாடு நீடித்தது.

தணியப்போகும் பிள்ளை எது, தணியாத பிள்ளை எது என்று மூன்று வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருக்கச் சொல்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். உண்மையில் இது அவர்களுக்கு எதிரான வாதம். தானாகத் தணியப்போகும் பிள்ளையின் பெற்றோர் பயிற்சிக்குப் போய்வந்தால் இழப்பு சில மாலைப் பொழுதுகள். தணியாத பிள்ளையின் பெற்றோர் போகாமல் இருந்துவிட்டால் இழப்பு மூன்று ஆண்டு, அதுவும் பள்ளிக்கு முந்தைய மூன்று ஆண்டு. இரண்டு தவறுகளும் சம எடை உள்ளவை அல்ல.

பெயர் சூட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் இங்கே தேவையற்றது. இந்தப் பயிற்சியைத் தொடங்க நோயறிதல் கட்டாயம் இல்லை. நான்கு வயதுக்கு முன் ஏடிஹெச்டி என்று முடிவுகட்டுவதில் மருத்துவர்களே தயங்குகிறார்கள். சொன்னதைக் கேட்கவைக்கும் வழியைப் பெற்றோர் கற்பதற்கு அந்த முடிவு வரும்வரை பொறுக்க வேண்டியதில்லை. மாறாக, காத்திருக்கும் குடும்பம் மருத்துவரையே பார்க்காமல் விடுகிறது. காது சரியாகக் கேட்காமை, அடினாய்டு சதை வளர்ந்து தூக்கம் கெடுவது, இரும்புச்சத்துக் குறைவு, ஆட்டிசம் ஆகியவையும் வெளிப்பார்வைக்கு ‘சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை’ போலவே தெரியும். இவற்றில் எதற்கும் காத்திருத்தல் மருந்தாகாது.

2. ‘கொஞ்ச நாள் பார்ப்போம்.’

பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நாளில் வீட்டில் என்ன நடக்கிறது? காலை எட்டே கால். வேன் வர ஐந்து நிமிடம். நாலு வயதுப் பையன் ஹாலில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார்: ‘கண்ணா, ஷூ போடு.’ கார் உருள்கிறது. ‘ஷூ போடுன்னு சொன்னேன்ல?’ டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே மூன்றாவது முறை: ‘டேய், எத்தன தடவ சொல்றது? வேன் வந்துரும்.’ பையன் ஒரு ஷூவைக் கையில் எடுக்கிறான். அதற்குள் சோபாவுக்கு அடியில் எதையோ பார்த்துவிடுகிறான். ஷூ கீழே விழுகிறது. வேன் ஹாரன் அடிக்கிறது. அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்க, பையன் தரையில் புரண்டு கத்துகிறான். ‘பிள்ளைய ஏம்மா காலங்காத்தால அழவைக்கிற?’ என்கிறார் பாட்டி. கடைசியில் அம்மாவே இரண்டு ஷூவையும் மாட்டி, அழுகையை நிறுத்தப் போனைக் கையில் கொடுத்து, தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார்.

இந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்தார்கள். முதல் மூன்று முறை சொல்வதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, புரண்டு அழுதால் ஷூ போடும் வேலையும் மிச்சம், போனும் கிடைக்கும் என்று பையன் கற்றான். மெதுவாகச் சொன்னால் நடக்காது, கத்தி இழுத்தால்தான் நடக்கும், போனைக் கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அம்மா கற்றார். இருவருக்கும் அந்த நிமிடத்தில் பலன் கிடைத்தது. அதனால்தான் நாளைக் காலையும் இதுவே நடக்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வீடு வீடாகப் போய் இத்தகைய நிமிடங்களைக் கவனித்துக் குறித்தவர் ஜெரால்டு பேட்டர்சன். ஒருவரை ஒருவர் வற்புறுத்திப் பணியவைக்கும் இந்தச் சுழலைப் பற்றி 1982-ல் அவர் ஒரு நூலே எழுதினார். பிள்ளையின் அடமும் பெற்றோரின் கோபமும் ஒன்றையொன்று பரிசளித்து வளர்ப்பதை அவர் காட்டினார். முரட்டுத்தனமும் எதிர்ப்பும் பெரும்பாலும் இந்தப் பட்டறையில்தான் கூர்தீட்டப்படுகின்றன.

ஏடிஹெச்டி அறிகுறி உள்ள பிள்ளையிடம் இந்தச் சுழல் வேகமாகச் சுற்றுகிறது. அடுப்படியிலிருந்து வரும் குரல் அந்தப் பிள்ளையின் கவனத்தைப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் ஷூவுக்கும் காலுக்கும் இடையில் நழுவிவிடுகிறது. மற்றப் பிள்ளையிடம் வாரத்துக்கு இரண்டு நாள் நடப்பது இங்கே நாளுக்குப் பலமுறை நடக்கிறது. ஆகவே ‘பயிற்சி வேண்டுமா, வேண்டாமா’ என்ற தேர்வே அந்த வீட்டில் கிடையாது. பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தவறான பாடத்திட்டத்தில் நடக்கிறது.

மூளை வளர்ச்சியைக் காட்டிக் காத்திருக்கச் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூளைப் புறணி தன் உச்சத் தடிப்பை எட்டும் சராசரி வயது மற்றப் பிள்ளைகளுக்கு 7½ என்றும் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு 10½ என்றும் தெரிந்தது. தாமதம்தானே, வந்து சேர்ந்துவிடுமே என்று இதை வாசிக்கிறார்கள். நான்கு வயதிலிருந்து பத்தரை வயதுவரை அந்தப் பிள்ளை எந்த வீட்டில், எந்தக் குரலைக் கேட்டு வாழப்போகிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. மூளை தாமதமாக முதிர்ந்தாலும், ‘நான் கெட்ட பிள்ளை’ என்ற முடிவுக்குப் பிள்ளை தாமதமாக வருவதில்லை.

3. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்.’

இதை வேகமாகக் கடந்துவிடலாம். சான்று அவ்வளவு தெளிவு. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-ல், 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இடம்பெற்ற ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். பிள்ளையைக் கையால் அடிக்கும் பழக்கத்தோடு சேர்ந்து வந்தவை கூடுதலான முரட்டுத்தனம், கூடுதலான மனச்சிக்கல், பெற்றோரோடு மோசமான உறவு ஆகியவையே. நன்மை எதுவும் தென்படவில்லை. ஏடிஹெச்டி அறிகுறி உள்ள பிள்ளையிடம் அடி தோற்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. அடியின் பாடம் நினைவில் நின்று, அடுத்த முறை கை நீளும் கணத்தில் குறுக்கே வந்து தடுக்க வேண்டும். அந்தத் தடுப்புதான் இந்தப் பிள்ளையிடம் பலவீனம். நேற்று வாங்கிய அடியை மறந்து இன்று அதே அலமாரியில் ஏறுவது திமிர் அல்ல. திமிர் என்று எண்ணுகிற வீட்டில் அடியின் அளவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

4. ‘பிள்ளைக்குக் குறை என்றால் பெற்றோருக்கு எதற்குப் பயிற்சி? குற்றவாளி நாங்களா?’

குற்றவாளி யாரும் இல்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி ஏடிஹெச்டியில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு மரபணு சார்ந்தது. வளர்ப்புப் பிழை இதை உண்டாக்குவதில்லை. பெற்றோரின் எரிச்சல் பெருமளவுக்குப் பிள்ளையின் நடத்தைக்கு எதிர்வினை என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது: 1979-ல் ரஸல் பார்க்லியும் சார்லஸ் கன்னிங்ஹாமும் மிகை இயக்கப் பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட் மருந்து கொடுத்துத் தாயோடு அவர்கள் பழகுவதைக் கவனித்தார்கள். பிள்ளை சொன்னதைக் கேட்கத் தொடங்கியதும் தாயின் கட்டளைகளும் கடிந்துரையும் தாமே குறைந்தன. தாய்க்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை.

அப்படியானால் பயிற்சி ஏன் பெற்றோருக்கு? நாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை அறையில் உட்காரவைத்து அறிவுரை சொன்னால், அது வாசலைத் தாண்டும் முன் மறந்துபோகும். பிள்ளையோடு காலையும் மாலையும் இருப்பவர் பெற்றோர். முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளையின் அம்மா இன்சுலின் ஊசி போடக் கற்கிறார். சர்க்கரை நோயை அவர்தான் வரவழைத்தார் என்று எவரும் சொல்வதில்லை. இங்கேயும் நிலைமை அதுதான். சாதாரண வளர்ப்பு சாதாரணப் பிள்ளைக்குப் போதும். இந்தப் பிள்ளைக்குச் சாதாரணத்தைவிடக் கூடுதலான திறமை வேண்டும். அது பிறவியிலேயே எந்தத் தாய்க்கும் வருவதில்லை.

‘அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்’ என்ற வாக்கியத்தையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். கவலையைத் தள்ளிவைக்கச் சொல்லப்படும் இந்த வாக்கியம், மருத்துவரின் காதில் குடும்ப வரலாறாக விழும். மரபில் வரும் குறைபாடு என்பதால் பெற்றோரில் ஒருவருக்கும் அது இருக்க வாய்ப்பு அதிகம். அப்பா நல்ல வேலையில் இருக்கிறார் என்பது மகிழ்ச்சி. எட்டாம் வகுப்போடு நின்றுபோன சித்தப்பாவை அந்த வீட்டில் யாரும் உதாரணம் காட்டுவதில்லை. இங்கிலாந்தில் எட்மண்ட் சொனூகா-பார்க் குழுவினர் 2002-ல் காட்டியதும் இதோடு சேர்ந்ததே: தாய்க்கே ஏடிஹெச்டி அறிகுறிகள் அதிகம் இருந்தால் பயிற்சியின் பலன் பிள்ளையிடம் குறைகிறது. பெற்றோரின் நிலையையும் கேட்டறிந்து துணைநிற்கும் பயிற்சி வேண்டும் என்பதற்கு இது காரணம். பழி சுமத்த இதில் இடமில்லை.

பழி வேறொரு வழியாக வருகிறது, அதைப் பேசாமல் விடக் கூடாது. பயிற்சியே இல்லாத வீட்டிலும் தாய் தினமும் குற்றவாளி ஆக்கப்படுகிறார்: செல்லம் கொடுத்துக் கெடுத்தவர், வேலைக்குப் போய் பிள்ளையைக் கவனிக்காதவர், போனைக் கொடுத்தவர். முறையான பயிற்சி, பிள்ளை ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கத்தோடு தொடங்குகிறது. அந்த விளக்கம் தாயின் தோளிலிருந்து இறக்கும் சுமை கொஞ்சநஞ்சமல்ல.

5. ‘அன்பாக இருங்கள் என்று சொல்லத்தானே? அதற்கு ஒரு வகுப்பா?’

அன்பு குறைந்த வீடுகள் பயிற்சிக்கு வருவதில்லை. அன்பு இருந்தும் வழி தெரியாத வீடுகள்தான் வருகின்றன. பயிற்சியின் பொருள் அறிவுரை அல்ல, கைப்பழக்கம். ஆரிகனில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் 1960-களில் வகுத்த இரண்டு கட்ட முறையிலிருந்து கிளைத்தவையே இன்றைய பல திட்டங்களும்: ஷீலா ஐபர்க் உருவாக்கிய பெற்றோர்-பிள்ளை ஊடாட்டச் சிகிச்சை, சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் தொடங்கிய ‘இன்க்ரெடிபிள் இயர்ஸ்’ போன்றவை. ஐபர்க்கின் முறையில் தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாட, கண்ணாடிக்கு அப்பாலிருந்து பயிற்றுநர் தாயின் காதுக்கருவியில் அந்தந்தக் கணத்துக்கே வார்த்தை எடுத்துக்கொடுக்கிறார்.

முதல் கட்டத்தில் கண்டிப்பு என்ற பேச்சே இல்லை. தினமும் சில நிமிடம் பிள்ளை விரும்பிய விளையாட்டைப் பிள்ளையின் போக்கில் விளையாட வேண்டும். கட்டளை கூடாது, கேள்வி கூடாது, ‘இது என்ன கலர் சொல்லு’ என்ற பாடம் கூடாது. பிள்ளை செய்வதை வாய்விட்டுச் சொல்வதும் நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் மட்டுமே. பெரும்பாலான பெற்றோர் ஒரு நிமிடத்துக்குள் கேள்வி கேட்டுவிடுகிறார்கள்; பழக்கம் அவ்வளவு ஆழம். நாள் முழுக்க ‘வேண்டாம், தொடாதே, இறங்கு’ என்றே கேட்டுவந்த பிள்ளைக்கு, தன்னை ரசித்துப் பார்க்கும் அம்மா அங்கேதான் திரும்பக் கிடைக்கிறார். அந்த உறவு மீளாமல் அடுத்த கட்டத்தின் கண்டிப்புக்குப் பிடிமானம் இருக்காது.

இரண்டாம் கட்டத்தில் அதே ஷூவை எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து குனிகிறார், தோளைத் தொட்டு முகம் பார்க்கவைக்கிறார். ‘காரை இங்க பார்க் பண்ணு.’ பையன் நிறுத்துகிறான். ‘இப்ப இந்த ஷூவ மாட்டு.’ ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, கேள்வியாகவோ கெஞ்சலாகவோ இல்லாமல். பிறகு வாய் மூடி ஐந்து விநாடி காத்திருக்கிறார். பயிற்சியில் கடினமான பகுதி அந்த ஐந்து விநாடிதான். கால் ஷூவுக்குள் போன அந்தக் கணமே, ‘சொன்ன உடனே மாட்டிட்டியே, சூப்பர்!’ பாராட்டு மாலையில் வந்தால் பயனில்லை. இந்தப் பிள்ளைக்குத் தாமதமாக வரும் பரிசு வராத பரிசு. சிறு சேட்டையைப் பார்க்காததுபோல் விடுவது, அடித்தால் கடித்தால் மட்டும் சில நிமிடம் ஒதுக்கி உட்காரவைப்பது, அந்த விதியைப் பாட்டி உட்பட எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பது என்று பயிற்சி தொடர்கிறது. எட்டுப் பத்து வாரம் ஒத்திகை பார்க்காமல் இது கைவராது. புத்தகம் படித்து நீச்சல் கற்றவர் இல்லை.

6. ‘ஆய்வுகளே பலவீனமானவை.’

எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கது இது ஒன்றுதான். 2001-ல் இங்கிலாந்தின் ‘நியூ ஃபாரஸ்ட்’ பெற்றோர் பயிற்சித் திட்டம், மூன்று வயதுப் பிள்ளைகள் 78 பேரின் குடும்பங்களில் சோதிக்கப்பட்டது. பயிற்றுநர் எட்டு வாரம் வீட்டுக்கே போனார். பயிற்சி பெற்ற குழுவில் 53 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், 2004-ல் அதே திட்டத்தைச் சிறப்புப் பயிற்சி இல்லாத சுகாதாரச் செவிலியர்கள் தங்கள் வழக்கமான பணியின் நடுவே நடத்தியபோது பலன் கிடைக்கவில்லை. 2013-ல் சொனூகா-பார்க் தலைமையிலான குழு எல்லா ஆய்வுகளையும் தொகுத்தது. பெற்றோரின் மதிப்பீட்டில் ஏடிஹெச்டி அறிகுறிகள் குறைந்ததாகத் தெரிந்தது. யாருக்குப் பயிற்சி கிடைத்தது என்று அறியாதவர்களின் மதிப்பீட்டை மட்டும் எடுத்தால் அந்தக் குறைவு ஏறக்குறைய மறைந்துபோனது. 2015-ல் ஹோவர்டு அபிகாஃப் குழுவினரின் ஆய்விலும், பெற்றோர் கண்ட மாற்றத்தை ஆசிரியர்கள் காணவில்லை.

இவற்றை மறைத்துப் பயிற்சியை விற்பவர்கள் பெற்றோருக்குத் துரோகம் செய்கிறார்கள். இந்தப் பயிற்சி ஏடிஹெச்டியைக் குணமாக்காது. மூளையின் கவனத் திறனை மாற்றுவதாக யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஆனால் எதிர்வாதம் இத்தோடு நின்றுவிடுவது நேர்மை ஆகாது. சொனூகா-பார்க் குழுவைச் சேர்ந்த டேவிட் டேலி முன்னின்று 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், விவரம் அறியாத மதிப்பீட்டாளர்களின் கணக்கிலும் பெற்றோரின் நல்ல வளர்ப்பு முறை கூடியது, கடுமை குறைந்தது, பிள்ளையின் முரட்டு நடத்தை தணிந்தது. இரண்டாம் எண்ணில் கண்ட சுழலை உடைப்பதுதான் பயிற்சியின் வேலை; அந்த வேலையை அது செய்கிறது. கவனக்குறைவோடு வளர்ந்த பிள்ளை பள்ளியையும் நண்பர்களையும் இழப்பது பெரும்பாலும் அதோடு முரட்டுத்தனம் சேரும்போதுதான். அந்தச் சேர்க்கையைத் தடுப்பது சிறிய பலன் அல்ல.

2004-ன் தோல்வி சொல்வதும் வேறு. அரைகுறைப் பயிற்றுநர் நடத்தினால் பலன் இராது என்பது நல்ல பயிற்றுநர் வேண்டும் என்பதற்கான சான்று. ஆசிரியர்கள் மாற்றம் காணவில்லை என்றால், வீட்டில் கற்ற பாடம் வகுப்பறைக்குத் தானாக நடந்துபோகாது, எல்கேஜி மிஸ்ஸுக்கும் தனியாகக் கற்றுத்தர வேண்டும் என்று பொருள். இரண்டில் எதிலிருந்தும் ‘சும்மா காத்திரு’ என்ற முடிவு கிடைக்காது. காத்திருத்தல் பலனளிக்கும் என்று காட்டிய சோதனை எது என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை.

7. ‘முற்றினால் மாத்திரை இருக்கிறதே.’

காத்திருப்பின் மறுமுனை அவசரம். இரண்டுமே பயிற்சியைத் தாண்டிக் குதிக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-லும் 2019-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியை முதலிலும், அது போதாதபோதே மருந்தையும் வைக்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-லும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-லும் சொன்ன வரிசையும் இதுதான். ஆனாலும் அமெரிக்காவின் எட்டுக் குழந்தை மருத்துவ அமைப்புகளின் பதிவுகளை அலசி 2025-ல் வெளியான ஆய்வில், ஏடிஹெச்டி கண்டறியப்பட்ட மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 9,708 பேரில் சுமார் 42 விழுக்காட்டினருக்கு ஒரு மாதத்துக்குள் மருந்து எழுதப்பட்டிருந்தது. பயிற்சி முடியக்கூட அந்த ஒரு மாதம் போதாது.

மருந்து தீயது என்பது இங்கே வாதம் அல்ல. சாலைக்கு ஓடும், மாடியிலிருந்து குதிக்கும் பிள்ளைக்குச் சிறப்பு மருத்துவர் மருந்து தரலாம், தரவும் வேண்டும். ஆனால் இந்த வயதில் மருந்தின் பலன் பள்ளிப் பிள்ளைகளிடம் காண்பதைவிடக் குறைவு, தொல்லை அதிகம்: பேட்ஸ் ஆய்வில் 11 விழுக்காட்டினர் பக்கவிளைவால் மருந்தை நிறுத்த நேர்ந்தது. வில்லியம் பெல்ஹாம் குழுவினர் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வு, வரிசை ஏன் முக்கியம் என்பதைக் காட்டியது. மருந்தில் தொடங்கிய குடும்பங்கள் பின்னர் பயிற்சிக்குச் சொல்லும்படி வரவில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களின் பிள்ளைகள் வகுப்பறை விதிகளைக் குறைவாகவே மீறினார்கள். தவறவிட்ட பயிற்சியை மாத்திரைக்குப் பிறகு மீட்டுவிடலாம் என்ற எண்ணம் நடைமுறையில் நிற்பதில்லை.

8. ‘இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி. இங்கே யார் கற்றுத்தருவார்கள்?’

கேள்வி நியாயமானது, அதைப் பெற்றோரிடம் கேட்காமல் அரசிடம் கேட்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே, பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய 30 நிலைகளைப் பட்டியலிட்டது. அதில் ஏடிஹெச்டியும் உண்டு. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையைக் கண்டுபிடித்து அனுப்பும் பாதை காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பாதையின் முடிவில் பெற்றோருக்குக் கற்றுத்தரும் குழு இல்லாவிட்டால், கண்டுபிடித்ததால் குடும்பத்துக்குக் கிடைப்பது கவலை மட்டுமே.

இதற்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர், எட்டுப் பத்துக் குடும்பங்கள் கொண்ட குழு, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பெற்றோர் ஒத்திகை பார்க்க ஒரு பாயும் சில விளையாட்டுப் பொருள்களும், அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். 2004-ன் தோல்வியை இங்கே திரும்ப நடத்தாமல் இருக்க, அங்கன்வாடிப் பணியாளரின் எடை பார்க்கும், முட்டை கொடுக்கும், பதிவேடு எழுதும் வேலைகளின் மேல் இதையும் ஏற்றக் கூடாது. அவர் பிள்ளையை அடையாளம் கண்டு அனுப்பட்டும், பயிற்சியை அதற்கென்றே நியமிக்கப்பட்டவர் நடத்தட்டும். வகுப்பு நடக்கும் நேரமும் கூலி இழக்காமல் வரக்கூடிய மாலையாகவோ ஞாயிறாகவோ இருக்க வேண்டும். வார நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தால் அம்மா மட்டுமே வருவார், வீட்டில் பாதிப் பேருக்கு விதி தெரியாமல் போகும்.